ஜமீன்தாரைக் கைப்பையில் சுமப்பவள்

கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அனந்தலக்ஷ்மி குளிக்கப் போய்விடுகிறாள். குளித்து வந்து, விளக்கேற்றி, டிகாக்‌ஷன் இறங்கி, அவள் கணவர் மஹாதேவன் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்து சேரும்வரை அது கண் திறக்காது. திரையில் ஒரு சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். பழுது என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு எழுத்துருக்கள் குடியிருக்கின்றன. அத்தனையும் எழுந்து, சோம்பல் முறித்து, வரிசைக்கு வர வேண்டாமா?

“ஏந்துண்டிருக்குகள். கத்தாதேங்கோ” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். “உங்க ஒருத்தரை எழுப்பறதுக்கே நேக்கு அரைமணி ஆறது. அங்கே கிட்டத்தட்ட மூவாயிரம் பேர்.”

மஹாதேவன் கத்தியிருக்கவே மாட்டார். அவர் கத்தி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தினமும் இந்தப் பதில் வரும். வந்தால்தான் அவருக்கும் காப்பி இறங்கும்.

வங்காளத் தலைநகரத்தில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஜாம்ருல்தலா சந்தில், இரண்டாவது மாடி ஃப்ளாட்டின் ஜன்னலோர மேஜைதான் அவளுடைய தொழிற்சாலை. கல்யாணப் பத்திரிகை, பூணூல் பத்திரிகை, திதிக் கடுதாசி, ஹவுஸிங் சொஸைட்டி நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் தமிழ், வங்காளம், ஹிந்தி, இங்கிலீஷ் நாலிலும் எழுத்துக் கோத்துத் தருவாள். அச்சடிப்பது கரியாஹாட்டில். வயது ஐம்பத்து நாலு. பிறந்தது இதே சந்தில். கல்யாணமாகியும் சந்தை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளைதான் பாலிகஞ்சிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி இங்கே வந்து சேர்ந்தார். ஆகவே இந்தப் பாடாவுக்கு, அதாவது பேட்டைக்கு, அவள் மருமகள் இல்லை, பெண். சின்னவர்கள் அவளை ‘ஃபாண்ட்-தி’ என்கிறார்கள், அதாவது ஃபாண்ட் அக்கா. அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காத மாதிரி காட்டிக்கொள்வாள். யாராவது வெறும் ‘தீதி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இரண்டு விநாடி கூடுதலாக ஆகும்.

எழுத்துருக்களுக்கு அவற்றைச் செய்தவர்கள் வைத்த பெயர்களை அவள் ஒருபோதும் சொல்வதில்லை. மெலிந்து, கன்னம் ஒட்டி, திதிக் கடுதாசிக்கு மட்டும் பயன்படும் தமிழ் எழுத்துரு ‘உபவாசம்’. கொழுகொழுவென்ற வங்காள எழுத்துரு ‘ரசகுல்லா’. கால்களைச் சுழித்துச் சுழித்து நீட்டும் இங்கிலீஷ் எழுத்துரு ‘பரதநாட்டியம்’. அவற்றைப் போட்டுவைக்கும் கோப்புறைகளும் அப்படித்தான்: கல்யாணம், சாவு, பூஜோ, சர்க்கார், கோபம். ‘கோபம்’ என்பதில் தடித்த கறுப்பு எழுத்துகள் பதினாலு இருக்கின்றன. மாடிப்படியில் குப்பை வைக்காதீர்கள் என்கிற நோட்டீஸ்களுக்கு அவை. வீட்டுச் சாமான் பட்டியலையும் அவள் அச்சடித்தே தருவதால், பை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும் மஹாதேவன் முதலில் பார்ப்பது என்னென்ன வாங்க வேண்டும் என்பதை அல்ல, எந்த எழுத்தில் என்பதைத்தான். ‘துவரம்பருப்பு’ கோபத்தில் வந்திருந்தால் அன்றைக்குச் சத்தமில்லாமல் இரண்டு முழம் பூவும் சேர்த்து வாங்கி வந்துவிடுவார்.

புதிதாக ஓர் எழுத்துரு வந்தால் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. தமிழாக இருந்தால் அன்றைய சமையலை அதில் அடித்துப் பார்ப்பாள். வெண்டைக்காய் மோர்க்குழம்பு, கொத்தவரங்காய்ப் பருப்புசிலி, ஸேமியா பாயஸம். “மோர்க்குழம்பே தாங்கலேன்னா கல்யாணத்தை எப்படித் தாங்கும்?” என்று கேட்டு, தேறாததை வாசலோடு அனுப்பிவிடுவாள். வங்காள எழுத்துருவுக்கு மோர்க்குழம்பு சரிப்படாது அல்லவா? அதற்கு மீன். இலிஷ், பாப்தா, டேங்ரா, சிங்ரி, பார்ஷே என்று நாற்பத்திரண்டு மீன்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறாள். முட்டை கலந்த கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிற பெண்மணி, கரியாஹாட் மீன் சந்தை முழுவதையும் அச்சில் பொரித்து எடுத்திருக்கிறாள்.

ஓர் எழுத்துருவில் ஏதாவது எழுத்து இல்லையென்றால் கணினி அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டுவிடும். அதற்கு அவள் வைத்த பெயர் டப்பா. அவளுடைய வாழ்நாள் பெருமை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்: “பத்தொம்பது வருஷத்துல என் கைவழியாப் போன காகிதத்துல ஒரு டப்பா விழுந்ததில்லே.” இதைச் சொல்லும்போது மேஜையின் மரத்தைத் தொட்டுக்கொள்வாள்.

இன்னொரு பிடிவாதம் உண்டு. அச்சகத்துக்கு அனுப்பும்போது எல்லோரும் எழுத்துகளைப் படமாக மாற்றித்தான் அனுப்புவார்கள். ‘கர்வ் பண்ணிட்டியா?’ என்பது தொழிலில் குசலம் விசாரிப்பது போன்ற கேள்வி. அப்படி மாற்றிவிட்டால் அச்சகத்தில் அந்த எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. அனந்தலக்ஷ்மிக்கு அது ஆகாது. “உசிரை எடுத்துட்டு உடம்பை அனுப்பறதா? நான் மாட்டேன்” என்பாள். எழுத்துருவைப் பென் டிரைவில் ஏற்றி, கைப்பையின் உள்துணியில் ஊக்கு போட்டுக் குத்தி, ஆட்டோவில் கரியாஹாட்டுக்குத் தானே அழைத்துப் போவாள். அச்சகத்துக் கணினியில் தன் கையால் இன்ஸ்டால் செய்வாள். கடைசிக் காகிதம் வரும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் அதை அங்கிருந்து நீக்கி, பென் டிரைவை மறுபடி ஊக்கில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள். “ஊரார் வீட்டுல ராத்தங்க விடற வழக்கமில்லே எங்காத்துல.”

இப்படிப்பட்டவளிடம்தான் இந்த வருஷம், மஹாளயத்துக்கு முந்தின வாரம், தபன்-தா, அதாவது தபன் அண்ணா, வந்தார். ஜாம்ருல்தலா பூஜோ கமிட்டியின், அதாவது துர்கா பூஜைக் கமிட்டியின், செயலாளர், அறுபத்தெட்டு வயது, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கக்கத்தில் குடை. அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்பதால் லக்ஷ்மியை வங்காளத்தில் சுருக்கி ‘லொக்கி’ என்றுதான் கூப்பிடுவார்.

“லொக்கி, இந்த வருஷம் நம்ம பூஜோவுக்கு அம்பது வயசு. கேட் எழுத்து நீ பண்ணணும்.”

பத்தொன்பது வருஷமாக நன்கொடை ரசீது அவளுடையது. போக் பிரசாதக் கூப்பன் அவளுடையது. தொண்டர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையும் அவளுடையதுதான். ஆனால் சந்து முனையில், மூங்கில் வளைவின் மேல், ஊரே அண்ணாந்து பார்க்கும் அந்தப் பெரிய எழுத்து மட்டும் எப்போதும் விளக்கு அலங்காரக்காரர்களின் பொறுப்பு. ஏழு வயதில் அவள் வங்காள எழுத்தைப் படித்ததே பூஜோ வாசல்களில்தான். ஒவ்வொரு வளைவாக நின்று எழுத்துக் கூட்டிக் கூட்டி, குடும்பம் முழுவதையும் கூட்டத்தில் காக்கவைப்பாள். அந்த வாசலில் தன் கையால் ஓர் எழுத்து ஏற வேண்டும் என்கிற ஆசை அன்றைக்கு வந்தது. வெளியே சொல்லாமல் நாற்பத்தேழு வருஷம் வைத்திருந்தாள். தபன்-தா படியிறங்கியதும் பருப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டாள். அன்றைய சாமான் பட்டியல் கல்யாண எழுத்தில், சுற்றிலும் மாவிலைத் தோரணத்துடன் வந்தது. மஹாதேவன் பயந்துபோய் இரண்டு தடவை படித்தார்.

எந்த எழுத்து? அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. கடைசியில் தேறியவர் ‘ஜமீன்தார்’. தலைக்கு மேல் உத்தரம் போட்டாற்போல் கனத்த கோடு, அதன் கீழ் மீசை முறுக்கின மாதிரி வளைவுகள் கொண்ட வங்காள எழுத்துரு. நாற்பத்திரண்டு மீனும் அதில் துள்ளின. சிவப்பில் மஞ்சள் எழுத்து, இருபத்திரண்டு அடி நீளம்: ஜாம்ருல்தலா பல்லி சர்பஜனீன் துர்கோத்சவ். ஜாம்ருல்தலா பேட்டையின் பொது துர்கா விழா என்று அர்த்தம்.

பஞ்சமி அன்று காலை, ஜமீன்தாரை ஊக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கரியாஹாட்டில் கடைசி நேரப் புடவைக் கூட்டம் ஒரே நெரிசல். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஷொருங்கோ, ஷொருங்கோ” என்று தமிழ் மாதிரியும் வங்காளம் மாதிரியும் கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தாள். அங்கே ஒரு சந்துக்குள் பொல்ட்டுவின் ஃப்ளெக்ஸ் கடை. நாற்பது வயது, குரல் பெரிது, மனசும் பெரிது, கணினி மட்டும் குப்பை மேடு. ஜமீன்தாரை ஏற்றினாள். நாலடிக்கு ஒரு மாதிரி அடித்துப் பார்த்தார்கள். அம்சமாக வந்தது.

“பெரிசை அடிக்க மூணு மணியாகும் தீதி. முன்னாடி ஒம்போது பார்ட்டி இருக்கு” என்றான் பொல்ட்டு, வங்காளத்தில். மற்றவர்கள் என்றால் புடவைக் கடைக்குப் போயிருப்பார்கள். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேலையில்லாமல் உட்கார்ந்தவளுக்குக் கண் சும்மா இருக்குமா? பொல்ட்டுவின் எழுத்துருக் கோப்புறையைத் திறந்தாள். ஒரே எழுத்துரு மூன்று தடவை. பாதி உடைந்தது, பேர் தெரியாதது, எதற்கென்றே தெரியாதது. அடுத்த வீட்டு அடுக்களையில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

“பொல்ட்டு, நான் கொஞ்சம் ஒழிச்சுத் தரட்டுமா?”

“பண்ணுங்க தீதி, பூஜோவுக்கு வீட்டையே வெள்ளையடிக்கிறோம்!”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு மணி நேரத்தில் நூற்றுப்பத்துப் பேரை வெளியேற்றினாள். நடுவில் ஒரே பெயரில் இரண்டு ஜமீன்தார்கள் தட்டுப்பட்டார்கள். ஒருவர் அவளோடு வந்தவர், இன்னொருவர் பொல்ட்டுவிடம் ஏற்கெனவே இருந்தவர். இருவரிலும் நாற்பத்திரண்டு மீனையும் அடித்துப் பார்த்தாள். அச்சு அசலாக ஒரே மாதிரி. சரி, மாத்திரை அட்டையில் பார்ப்பதுபோலத் தேதி பார்த்தாள். ஒன்றில் இந்த ஆகஸ்ட், ஒன்றில் பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி. பழசைத் தூக்கினாள். பொல்ட்டுவின் கணினி ஆகஸ்டில் பழுதாகி, அதிலிருந்த எல்லாமே அந்த மாதம் புதிதாக ஏற்றப்பட்டவை என்பது அவளுக்குத் தெரியாது. அதாவது வெளியே போனவர் அவளுடைய சொந்த ஜமீன்தார்.

மூன்றேகாலுக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஜாம்ருல்தலா வந்தது. பல்லி வந்தது. அனந்தலக்ஷ்மி எழுந்து நின்று, சிவப்புத் துணி அங்குலம் அங்குலமாக இறங்குவதைக் கைகட்டிப் பார்த்தாள். சர்பஜனீன் வந்தது. துர்கோ வந்தது. அதற்கடுத்து ஒன்றரை அடி உயரத்தில், மஞ்சள் நிறத்தில், நாலு மூலையும் கச்சிதமாக, ஒரு டப்பா வந்தது.

அவள் வாயிலிருந்து வந்தது எந்த மொழி என்று பொல்ட்டுவால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். துர்கோத்சவ் என்பதன் நடுவே ஓர் எழுத்து வருகிறது, பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பொல்ட்டுவின் ஜமீன்தார் பழைய பதிப்பு. அதில் அந்தப் பூனை கிடையாது. நாற்பத்திரண்டு மீன் பெயரிலும் அது வராததால் பரீட்சையில் பிடிபடவில்லை.

“ஊர்ல இருக்கற மீனெல்லாம் அடிச்சேனே, மத்ஸ்யம்னு ஒண்ணு அடிச்சிருந்தா போறுமே! அதுல இருக்கே அந்த எழுத்து!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கர்வ் பண்ணியிருந்தா...” என்று ஆரம்பித்த பொல்ட்டு அவள் பார்வையைக் கண்டதும் பேச்சை மாற்றினான். “விடுங்க தீதி. எவன் படிக்கிறான்? எல்லாரும் லைட்டைப் பார்ப்பான், எக் ரோல் தின்பான், போவான்.”

“நான் படிப்பேன்” என்றாள் அனந்தலக்ஷ்மி. ஐந்து மணிக்குத் தபன்-தா மூங்கில்காரர்களோடு வருவார். இருபத்திரண்டு அடியை மறுபடி அடிக்க ரோலில் துணி இல்லை. கடைகளோ எல்லாம் பூஜோ நெரிசலில். நாலு நாள், லட்சம் பேர் நடக்கிற சந்து முனையில், அவளுடைய முதல் வாசலில், டப்பா. அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டாலும் எந்த முகத்தோடு போவது?

“ரோல்ல எத்தனை மிச்சம் இருக்கு?”

“ரெண்டே முக்கால் அடி.”

“நேக்கு ரெண்டு போறும்.”

ஊக்கைக் கழற்றி, ஜமீன்தாரை மறுபடி ஏற்றி, பூனையை மட்டும் தனியாக அடித்தார்கள். மை கூடுதலாக இறங்கியதால் சிவப்பு ஒரு படி கறுத்து, குங்குமச் சிவப்பாக வந்தது. இருபத்திரண்டு அடித் துணியைச் சந்திலேயே விரித்தார்கள். பக்கத்துச் சப்பாத்திக் கடைக்காரர் பெஞ்சை நகர்த்தினார். ஒரு ஸ்கூட்டர்காரர் இறங்கி நின்று, சொல்லாமலேயே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அனந்தலக்ஷ்மி தரையில் மண்டிபோட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பசை தடவி, டப்பாவின் மேல் பூனையை உட்காரவைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். தேய்த்த வேகத்தில் வளையல் ஒன்று உடைந்தது. “போறது போ” என்றாள்.

தபன்-தா குடையோடு வந்து நின்றபோது அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒளிக்கிற உத்தேசமே அவளுக்கு இல்லை. தரையிலிருந்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். இரண்டு ஜமீன்தார்கள், மீன், தேதி, டப்பா, ஒட்டு. “தப்பு என்னோடதுதான் தபன்-தா. பொல்ட்டுவை ஒண்ணும் சொல்லாதீங்கோ.”

தபன்-தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். “அந்தக் கருஞ்சிவப்பா? நான் அதுக்குப் பின்னாடி லைட்டு வெச்சிருக்கேன்னு நினைச்சேன்” என்றார். பிறகு குடையால் அந்த எழுத்தை மெல்லத் தட்டிப் பார்த்தார். “லொக்கி, நிஜமாவே கையால ஒட்டினியா?”

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மனிதர் அதை ஒளிக்கவில்லை, மேளம் அடித்துச் சொன்னார். சஷ்டியன்று சந்தில் நுழைகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, குடை நுனியால் மேலே காட்டி, “அந்த எழுத்தைப் பாருங்க. நம்ம பாடாப் பொண்ணு மண்டிபோட்டு ஒட்டினது” என்றார். சப்தமிக்குள் செய்தி பாலிகஞ்ச் வரை போய்விட்டது. தேவியைத் தரிசித்தவர்கள் திரும்பி வந்து ஒட்டைத் தரிசித்தார்கள். அனந்தலக்ஷ்மிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷம் அதைவிட அதிகமாகப் பிடுங்கித் தின்றது. வீட்டில் கால் தரிக்கவில்லை. வாசல் கோலத்துக்கு மாவு வாங்குவதற்கு, பால் வாங்குவதற்கு, சும்மா காற்று வாங்குவதற்கு என்று ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை சந்து முனைக்குப் போய் அண்ணாந்து நின்றாள்.

“கழுத்து சுளுக்கிக்கப் போறது” என்றார் மஹாதேவன்.

“சுளுக்கட்டும், தைலம் இருக்கு!”

அஷ்டமி மாலை, விளக்குகள் ஏறிய நேரம். கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு கேட்டது. ஐ.டி. வேலைக்கு வந்த இளம் ஜோடி, சந்தீப்பும் ஸ்னேகாவும். ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். வளைவுக்குக் கீழே நின்றுகொண்டு கைப்பேசியை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். முகம் அடங்கினால் வாசல் அடங்கவில்லை.

“என்ன எழுதியிருக்குன்னே தெரியல, ஆனா செமையா இருக்குல்ல?” என்றான் அவன்.

“குடுங்கோ, நான் எடுக்கறேன்” என்று அனந்தலக்ஷ்மி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். ஓரடி பின்னால் போனாள். “நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், தலை மறைக்கறது, லேசாக் குனியுங்கோ. நீயும்தாம்மா.” இருவரும் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். அவள் டாக்ஸிகள் ஹாரன் அடிப்பதைச் சட்டை செய்யாமல் நடுரோடு வரைக்கும் பின்னால் போய், முழங்கையை விலாவில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தினாள்.

“ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று வாங்கிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு அடியும் ஒரு புள்ளி விடாமல், பளிச்சென்று, நேர்கோடாக விழுந்திருந்தது. குங்குமச் சிவப்பில் பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படத்தின் கீழ் விளிம்பில் இரண்டு நெற்றிகள்.